மைனஸ் எங்கிருந்து வந்தது?

தில்லி ஆர்.கே. புரத்தில் இருக்கும் மலை மந்திர் முருகன் கோயிலின் முகப்பில் பெரிதாக 'யாமிருக்க பயமேன்' என்று எழுதியிருக்கும். சின்ன வயதில் அப்பா என்னையும் அண்ணனையும் அடிக்கடி அங்கே கூட்டிப் போவார். கீழே நின்று அண்ணன் அதைச் சத்தமாக வாசிப்பான், நானும் கூடவே வாசிப்பேன். அந்த எழுத்துகள் எனக்குத் தெரிந்ததே இல்லை. வெளிறிய பட்டை ஒன்று தெரியும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது மனப்பாடம். எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் போல என்று இருந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை நடந்த வருடமும் இதே கதைதான். வரிசையில் எனக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் அதே அட்டையை வாசித்தார்கள். என் முறை வருவதற்குள் எழுத்துகள் எல்லாம் வாயில் வந்து நின்றன. கண்ணில் குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

கண்டுபிடித்தது அம்மாதான். 1990, எனக்கு ஒன்பது வயது. பஸ் ஸ்டாண்டில் எதிர்ச்சாரியில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். காலையில் என்னைப் பள்ளிக்கு அனுப்பும்போது கட்டியிருந்த பச்சைப் புடவையை மத்தியானம் மாற்றிவிட்டு வந்திருந்தாள். நான் பச்சையைத் தேடிக்கொண்டு அப்படியே நின்றேன். அம்மா கையை ஆட்டியும் பார்த்தாள், நான் அசையவில்லை. சாலையைத் தாண்டி வந்து என் கையைப் பிடித்தபோது அவள் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது. மறுநாளே கண்ணாடிக் கடை. இரண்டு கண்ணிலும் மைனஸ் 3.

இப்போது எனக்கு 44 வயது. வலது கண் மைனஸ் 9.5, இடது மைனஸ் 11. போன அக்டோபரில் என் மகளுக்கும் கண்ணாடி வந்துவிட்டது. அதற்கு அப்புறம் இந்த விஷயத்தை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. காரணம் இதுதான்: என் வாழ்க்கையில் 26 வருடம் எல்லோரும் "மைனஸ் எவ்வளவு?" என்று மட்டும்தான் கேட்டார்கள். "மைனஸ் எங்கிருந்து வந்தது?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டிலேயே இதில் குழப்பம் உண்டு. மைனஸ் பவர் வருவது கிட்டப்பார்வைக்கு. கிட்டப்பார்வை என்றால் கிட்டத்தில் இருப்பது நன்றாகத் தெரியும், தூரத்தில் இருப்பது மங்கல் என்று அர்த்தம். என் மாமியார் பல வருடம் இதைத் தலைகீழாகத்தான் புரிந்துவைத்திருந்தார். நாற்பது வயதுக்கு மேல் பேப்பரைக் கையை நீட்டி வைத்துப் படிப்பது வெள்ளெழுத்து. அது வேறு சங்கதி.

பவர் என்கிற எண்ணுக்கு என்ன பொருள் என்று புரிந்துகொள்ள ஒரு தையல் டேப் போதும். நூறை உங்கள் மைனஸால் வகுத்தால், கண்ணாடி இல்லாமல் எத்தனை சென்டிமீட்டர் வரைக்கும் தெளிவாகத் தெரியும் என்று வந்துவிடும். மைனஸ் 1 என்றால் ஒரு மீட்டர். மைனஸ் 2 என்றால் 50 சென்டிமீட்டர். மகளோடு சாப்பாட்டு மேஜையில் இதைச் செய்து பார்த்தோம். அவளுக்கு மைனஸ் 1.25, கணக்குப்படி 80 சென்டிமீட்டர். டேப்பை மேஜையில் விரித்து வைத்துவிட்டு, பிஸ்கட் பாக்கெட்டில் இருந்த பொடி எழுத்தை மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டே போனேன். 75 தாண்டியதும் கண்ணைச் சுருக்கினாள், 85-இல் "கலங்குதும்மா" என்றாள். அப்புறம் என் முறை. இடது கண்ணுக்கு 9 சென்டிமீட்டர். பாக்கெட் மூக்கு நுனிக்குக் கிட்டே வந்துவிட்டது. அவள் டேப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உனக்கு அவ்வளவுதான் உலகமா?" என்று கேட்டாள். கண்ணாடி இல்லாவிட்டால் அவ்வளவுதான் என்றேன்.

தூரத்திலிருந்து வரும் வெளிச்சம் கண்ணின் பின்பக்கத்தில் இருக்கும் விழித்திரையில் போய்க் குவிய வேண்டும், கிட்டப்பார்வைக்காரர்களுக்கு அதற்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. குழிக் கண்ணாடி போட்டால் அது பின்னால் தள்ளிப் போய்ச் சரியான இடத்தில் விழும். இதை 1604-லேயே ஜோஹன்னஸ் கெப்ளர் எழுதிவிட்டார். வானத்தை அளந்த அந்த மனிதருக்கே பார்வைக் குறை இருந்தது. ஆனால் முன்னாலேயே ஏன் குவிகிறது என்பதற்கு ஒரே பதில் கிடையாது. என் குடும்பத்திலேயே மூன்று விதமான பதில் இருக்கிறது.

என்னுடையது நீளம். பிறந்த குழந்தையின் கண் முன்னிருந்து பின்னுக்குச் சுமார் 17 மில்லிமீட்டர் இருக்கும். வளர்ந்து 24-க்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட வேண்டும். சிலருக்கு நிற்பதில்லை. ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டால் ஏறக்குறைய மைனஸ் 2.5 முதல் 3 வரை ஏறும். என் இடது கண் 28 மில்லிமீட்டர். பள்ளி வயதில் ஆரம்பித்து வருடா வருடம் ஏறி, வளர்ச்சி நிற்கும்போது தானும் நிற்பதுதான் ரொம்பச் சாதாரணமான வகை. மைனஸ் 3, 4-இல் நின்றுவிட்டால் கண்ணாடியோடு விஷயம் பெரும்பாலும் முடிந்தது. மைனஸ் 6-ஐத் தாண்டினால் உயர் கிட்டப்பார்வை என்கிறார்கள். அங்கிருந்துதான் கவலை வேறு மாதிரி ஆகிறது.

பரோட்டாக் கடையில் மாஸ்டர் மாவை வீசி விரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாவு அதேதான், பரப்பு பெரிதாகும்போது கை ரேகை தெரிகிற அளவுக்கு மெலிந்துவிடும். எங்காவது ஓரிடத்தில் ஓட்டை விழும். நீண்டுபோன கண்ணுக்குள் விழித்திரைக்கும் இதுதான் நடக்கிறது. கண் பெரிதாகிறது, விழித்திரை கூடவே வளர்வதில்லை, இழுபடுகிறது.

எனக்கு இது தெரிய வந்தது 2016-இல். ஒரு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தபோது இடது கண்ணின் ஓரத்தில் மத்தாப்பு பிசிறுவது மாதிரி வெளிச்சம். கண்ணை மூடினாலும் வந்தது. காலையில் ஒட்டடை ஒன்று கண்முன் தொங்கியது. கண்ணாடியைத் துடைத்தேன், முகத்தைக் கழுவினேன், ஒட்டடை கண்ணோடு சேர்ந்து நகர்ந்தது. ஆபீஸில் மாதக் கடைசி, சம்பள பில் போட வேண்டும். அப்புறம் பார்க்கலாம் என்றுதான் கிளம்பினேன். பக்கத்து சீட்டில் இருக்கும் அக்காவின் அப்பாவுக்கு இப்படி வந்து பார்வை போயிருக்கிறது. அவர்தான் என் பையை எடுத்துக் கையில் கொடுத்து, "இப்பவே போ, பில்லை நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவைத்தார்.

சொட்டு மருந்து போட்டுக் கண்மணியை விரித்து, ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் பார்த்தார். படுக்க வைத்து, ஒரு சின்னக் கம்பியால் கண்ணை ஓரத்தில் அழுத்தி, மேலே பார், கீழே பார், மூக்கைப் பார் என்று வெகுநேரம் பார்த்தார். ஓரத்தில் 'லாட்டிஸ்' என்று சொல்கிற மெலிந்த திட்டுகள் இருக்கின்றன, அதில் ஒன்றில் ஓட்டை விழுந்திருக்கிறது என்றார். ஓட்டை வழியாக உள்ளே இருக்கும் நீர் இறங்கினால் விழித்திரை சுவரிலிருந்து உரிந்து வந்துவிடும். அன்றைக்கே லேசர் போட்டார்கள். ஓட்டையைச் சுற்றி வேலி கட்டுவது போலப் பொட்டுப் பொட்டாகப் பச்சை வெளிச்சம், ஒவ்வொன்றுக்கும் மண்டைக்குள் சுருக்கென்று ஒரு வலி. பத்து நிமிஷம்தான்.

டாக்டர் என்னிடம் கேட்ட ஒரு கேள்வியை மறக்க முடியாது. "கடைசியா எப்ப சொட்டு மருந்து போட்டு விழித்திரையைப் பாத்தாங்க?" ஒரு முறையும் இல்லை. ஒன்பது வயதிலிருந்து முப்பத்தைந்து வயது வரை நான் போனதெல்லாம் கண்ணாடிக் கடைக்கு. பவர் ஏறியிருக்கும், புதுக் கண்ணாடி போடுவோம், அப்பா பணம் கொடுப்பார், அப்புறம் நான் கொடுத்தேன். மைனஸ் 6 தாண்டியபோது, 8 தாண்டியபோது, உள்ளே ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று சொல்ல அந்தக் கடைகளில் ஆள் இல்லை. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. இதை நினைக்கும்போது இன்னும் நெஞ்சு அடைக்கிறது, ஏனென்றால் அது வெறும் அதிர்ஷ்டத்தால் தப்பிய கண்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். என் சித்தி மகள் லேசிக் என்கிற லேசர் ஆபரேஷன் செய்துகொண்டாள், மைனஸ் 7-இலிருந்து பூஜ்யம். "எனக்கு இனிமே கிட்டப்பார்வையே இல்ல அக்கா" என்கிறாள். லேசிக் கண்ணின் முன்பக்கத்தைத்தான் செதுக்குகிறது. கண்ணின் நீளம் ஒரு இழையும் குறைவதில்லை. மெலிந்த விழித்திரை அப்படியேதான் இருக்கிறது. அவளை வருடத்துக்கு ஒரு தடவை இழுத்துக்கொண்டு போகிற பொறுப்பை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவுக்கு வந்த மைனஸ் முற்றிலும் வேறு. அவளுக்கு 74 வயது. முப்பது வருடமாக வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமல் வாரப் பத்திரிகையைத் தொட்டதில்லை. போன வருடம் ஒருநாள் கண்ணாடி போடாமலேயே ராசி பலன் வாசித்துக்கொண்டிருந்தாள். "பாத்தியா, கண்ணு திரும்பி வந்துடுச்சு" என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். தெருவில் எல்லோரிடமும் சொன்னாள். நான் மாடிக்குக் கூட்டிப் போய் மலை மந்திர் கோபுரத்தைக் காட்டினேன். வழக்கமாகக் கலசம்வரை தெரியும் என்பவளுக்குக் கோபுரம் புகை மாதிரி இருந்தது. சோதித்தால் மைனஸ் 2.5.

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் நடுப்பகுதி முற்றி இறுகினால் வெளிச்சத்தை முன்னைவிட அதிகமாக வளைக்கும். கண் நீளவே இல்லை, ஆனால் குவிகிற இடம் முன்னால் வந்துவிடுகிறது. கண்புரையின் ஆரம்பம் அது. கிட்டத்தில் தெரிகிற சந்தோஷம் கொஞ்ச நாளைக்குத்தான், புரை முற்ற முற்ற அதுவும் மங்கிவிடும். வயதானவர் திடீரென்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படித்தால், தயவுசெய்து கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கோபுரம் திரும்பி வந்தது, கூடவே படிக்கிற கண்ணாடியும் திரும்பி வந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மூன்றாவது, அண்ணன் மகன். பரீட்சைக்காக ராஜேந்தர் நகரில் அறை எடுத்துத் தங்கி ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் படிப்பான். சாயங்காலம் வெளியே வந்தால் எல்லாம் கலங்கித் தெரியும். ஒரு கடையில் மெஷினில் பார்த்து மைனஸ் 1.75 கொடுத்துவிட்டார்கள். போட்டால் தலைவலி. சொட்டு மருந்து போட்டுச் சோதித்தால் கண்ணில் பவரே இல்லை! கிட்டத்தில் பார்க்கும்போது கண்ணுக்குள் ஒரு தசை இறுகும். மணிக்கணக்கில் இறுகியே இருந்ததில் அதற்கு விடுபடத் தெரியவில்லை. சொட்டு மருந்து அதைத் தளர்த்தியதும் மைனஸ் காணாமல் போய்விட்டது. பொய்க் கிட்டப்பார்வை என்று இதைச் சொல்லலாம். அந்த மைனஸ் கண்ணாடி அவனுக்குத் தேவையே இல்லாத ஒன்று. அதனால்தான் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் சொட்டு மருந்து போடாமல் முதல் கண்ணாடி வாங்காதீர்கள் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் சில உண்டு. சர்க்கரை கட்டுப்பாடு இல்லாமல் ஏறினால் சில வாரத்துக்கு மைனஸ் வந்து போகும். பெரியவர்களுக்குப் பவர் திடீரென்று மாறினால் கண்ணாடிக்கு முன்னால் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கிற டோபிரமேட் மாதிரி சில மாத்திரைகளும் இதைச் செய்யும். கருவிழி கூம்பு மாதிரிப் பிதுங்குகிற நோய் ஒன்று இருக்கிறது, அதில் மைனஸோடு, ஒரு திசையில் மட்டும் வருகிற சிலிண்டர் பவரும் சேர்ந்து மாறிக்கொண்டே போகும். தில்லித் தூசியில் அலர்ஜி வந்து கண்ணைக் கசக்குகிற பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

சரி, மகளுக்கு வருகிறேன். என் கதை தெரிந்ததால் மனப்பாடமாகத் தெரிந்த எதையும் வைத்து அவளைச் சோதிப்பதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தேன். பால்கனியில் நின்றுகொண்டு கீழே நிற்கிற கார்களின் நம்பரை வாசிக்கச் சொல்வேன். தினம் வேறு கார் நிற்கும். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, அப்புறம் மற்றக் கண்ணை. மூன்று வருடமாக விளையாட்டாகவே நடந்தது. போன அக்டோபரில் ஒரு வெள்ளைக் காரின் 3-ஐ 8 என்றாள். மறுபடி பார் என்றேன். மறுபடியும் 8. எட்டு வயது அவளுக்கு. எனக்குக் கால் தளர்ந்துவிட்டது.

சொட்டு மருந்து எரியும் என்று முன்கூட்டியே சொல்லித்தான் கூட்டிப் போனேன். மூன்று தடவை போட்டார்கள், ஒவ்வொரு தடவையும் என் துப்பட்டா நுனியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்தபோது கண்மணி விரிந்து கண் முழுக்கக் கறுப்பாக இருந்தது. ஆட்டோவில் வெயில் பட்டதும் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இரண்டு கண்ணிலும் மைனஸ் 1.25, நீளத்தால் வந்ததுதான். ராத்திரி படுக்கும்போது 0.01 சதவீத அட்ரோபின் சொட்டு எழுதிக் கொடுத்தார் டாக்டர். இது கண் நீள்கிற வேகத்தைக் குறைக்கப் பார்க்கிற மருந்து, வந்த மைனஸை இறக்காது. எட்டு வயதில் ஆரம்பிப்பது பன்னிரண்டில் ஆரம்பிப்பதைவிட அதிகம் ஏற வாய்ப்புள்ளது, அதனால்தான் வேகத்தைப் பிடிக்க வேண்டும் என்றார்.

மாமியார் அக்கறையோடு ஒன்று சொன்னார்: "முழு பவரையும் போடாதே, கொஞ்சம் கம்மியா போடு, கண்ணு தானா பழகிக்கும்." நானும் சின்ன வயதில் இதைக் கேட்டிருக்கிறேன். மலேசியாவில் பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்து 2002-இல் எழுதியிருக்கிறார்கள். பவரைக் குறைத்துப் போட்டவர்களுக்குத்தான் கூடுதலாக ஏறியிருக்கிறது. காரட் எவ்வளவு சாப்பிட்டாலும் கண்ணின் நீளத்தை அது தொடாது. சாப்பிடட்டும், நல்லதுதான்.

டாக்டர் சொன்ன இன்னொன்றுதான் எங்கள் வீட்டையே மாற்றிவிட்டது. தினம் இரண்டு மணி நேரம் வெளியே, பகல் வெளிச்சத்தில். எய்ம்ஸ் டாக்டர்கள் தில்லிப் பள்ளிகளில் ஏறக்குறைய பத்தாயிரம் பிள்ளைகளைப் பார்த்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில் 13.1 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. வாரத்துக்கு 14 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்த பிள்ளைகளிடம் குறைவாக இருந்தது. அதே வருடம் வெளியான இன்னொரு ஆய்வுக்காக, சீனாவின் குவாங்சோவில் சில பள்ளிகளில் பிள்ளைகளைப் பள்ளி நாளில் தினம் 40 நிமிஷம் கூடுதலாக வெளியே விட்டிருந்தார்கள். மூன்று வருடத்தில் அந்தப் பிள்ளைகளில் 30.4 சதவீதம் பேருக்கு வந்தது, விடாத பள்ளிகளில் 39.5 சதவீதம். வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமைன் என்கிற வேதிப்பொருள் சுரந்து கண் நீள்வதைத் தடுக்கிறது என்பது பலரும் ஒப்புக்கொள்கிற விளக்கம். போனில் வெளிச்சம் அளக்கிற ஆப் ஒன்று போட்டுப் பார்த்தேன். துல்லியம் எதிர்பார்க்க முடியாது, வித்தியாசம் மட்டும் தெரிந்தது: டியூப் லைட் போட்ட ஹாலில் 200, பார்க்கில் மரத்தடியில் 9,000. நிழலில்!

ஆனால் இது தில்லி. நவம்பரில் காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டும், சின்னப் பிள்ளைகளின் பள்ளியை மூடுவார்கள், வீட்டுக்குள் வையுங்கள் என்பார்கள். மே மாதம் லூ என்கிற அனல் காற்று. கண்ணுக்காக வெளியே விட வேண்டும், நுரையீரலுக்காக உள்ளே வைக்க வேண்டும் என்றால் ஒரு தாய் என்னதான் செய்வாள்? போன நவம்பரில் ஜன்னல் ஓரம் நின்று சாம்பல் நிற வானத்தைப் பார்த்து அழுதிருக்கிறேன். டாக்டரிடமே கேட்டேன். காற்று மோசமான நாளில் வேண்டாம், தினக் கணக்கை விட்டுவிட்டு வாரக் கணக்காக, மாதக் கணக்காகப் பாருங்கள் என்றார். இப்போது சமையலறை மாத காலண்டரின் கட்டங்களில் வெளியே இருந்த நேரத்தை எழுதுகிறேன். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கட்டங்கள் நிரம்பி வழிகின்றன. ஜூனில் காலை ஆறு முதல் ஏழரை. மழை வந்த பிறகு சாயங்காலம் பார்க்கில் கோ-கோ. நவம்பரில் பல கட்டங்கள் காலி.

இப்படி வெளியே போவதில் உண்மையான பலன் யாருக்கு என்றால், மகளைவிட என் மகனுக்கு. வெளிச்சம் கிட்டப்பார்வை வராமல் தள்ளிப்போடுவதில்தான் நன்றாக வேலை செய்கிறது, வந்த பிறகு அவ்வளவு உறுதியில்லை. அவனுக்கு ஐந்து வயது, கண்ணில் இன்னும் மைனஸ் இல்லை. அப்பாவுக்கும் மைனஸ், அம்மாவுக்கும் மைனஸ். வரக்கூடிய பிள்ளைதான். ஒரு வருடம் தள்ளிப் போனாலும் அது ஒரு வருடம்.

நேற்று பார்க்கிலிருந்து வந்ததும் பால்கனியில் நம்பர் வாசித்தான். அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று சரிபார்த்தாள். மூன்று கார், ஒரு ஸ்கூட்டர், எல்லாம் சரி. ஜனவரியில் எனக்கு வருடாந்திரச் சொட்டு மருந்துப் பரிசோதனை. பிள்ளைகள் இருவருக்கும் அன்றைக்கே நேரம் வாங்கியிருக்கிறேன். ஆபீஸில் லீவு எழுதிக் கொடுத்தாகிவிட்டது.